வளர்ற பிள்ளைக்கு ஒரு வண்டி

அவனுக்கு ஸ்பாஞ்சு என்று பெயர் வந்த காரணத்தில் அந்தத் தெருவில் இரண்டு கட்சி உண்டு. மோட்டார் சைக்கிளுக்கு சீட் தைக்கிறவன், நாள் முழுக்க ஸ்பாஞ்சை அறுக்கிறான், தலைமுடியிலும் புருவத்திலும் மஞ்சள் துகள் ஒட்டிக்கொண்டிருக்கிறது, வேறு எப்படிக் கூப்பிடுவார்கள் என்பது முதல் கட்சி. இரண்டாவது கட்சிக்காரர்கள் கொஞ்சம் விவரமானவர்கள். அவனிடம் எதைச் சொன்னாலும் உள்ளே வாங்கிக்கொள்வான். "ஆமா, நீங்க சொல்றது சரிதான்" என்று தலையை ஆட்டுவான். சொன்னவர் கையை எடுத்ததும் பழையபடி எழும்பிவிடுவான். அவனோடு குடும்பம் நடத்திப் பார்த்த மனைவி இந்த இரண்டாவது கட்சி.

அவர்கள் பிரிந்ததில் ஊர் பேசுவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பாத்திரம் பறக்கவில்லை, பஞ்சாயத்து கூடவில்லை. ஒருநாள் அவள், "உங்ககிட்ட சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டைத் தண்ணி வத்திப்போச்சு" என்றாள். அவன், "ஆமா, நீ சொல்றது சரிதான்" என்றான். அவள் பெட்டியைக் கட்டினாள்.

அவள் பல் ஆஸ்பத்திரியில் செயற்கைப் பல் செய்கிறவள். ஈறில் ஒரு இழை கூடினாலும் குறைந்தாலும் வாயில் புண் வரும் என்று தெரிந்தவள். அவனோ, வாங்குகிற எல்லாவற்றையும் பெரிதாக வாங்குகிறவன். சின்ன வயதில் அவனுக்குப் போட்ட சட்டை எல்லாம் முட்டிவரை தொங்கியது. "வளர்ற பிள்ளைதானே" என்பார்கள். அவன் சட்டை அளவுக்கு வளர்ந்து சேரும்போது சட்டை கிழிந்திருக்கும். இதிலிருந்து அவன் கற்றிருக்க வேண்டியது ஒன்று. அவன் கற்றுக்கொண்டது இன்னொன்று. கல்யாணம் ஆனதும் அந்த ஒற்றை அறைக்கு அவன் வாங்கி வந்த பீரோ வாசலுக்குள் நுழையவில்லை. "பெரிய வீட்டுக்குப் போவோம்ல" என்றான். அது இன்றைக்கும் பட்டறையில் நிற்கிறது, உள்ளே ரெக்சின் சுருள்கள் இருக்கின்றன. மகள் பிறந்தபோது வாங்கிய செருப்பைக் குழந்தை போடும் நாளுக்குள் எலி கடித்துவிட்டது.

அந்த மகளை அவன் பொடிசு என்று கூப்பிடுவான். பொடிசு அம்மாவோடு இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அப்பாவிடம் வருவாள்.

வந்து என்ன செய்வாள்? முன்னால் பட்டறை, பின்னால் ஒரு அறை. பட்டறையில் ஒரு தையல் மெஷின், ஸ்பாஞ்சு அறுக்கிற நீளக் கத்தி, தொண்டையைப் பிடிக்கிற பசை வாடை. அவன் அவளுக்கென்று ஸ்பாஞ்சுத் துண்டில் யானை செய்து கொடுத்தான், முயல் செய்து கொடுத்தான். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருந்தன. அவள் மரியாதைக்குச் சிரித்தாள். எட்டு வயசுப் பிள்ளை அப்பாவைப் பார்த்து மரியாதைக்குச் சிரிப்பதைவிடக் கொடுமை எதுவும் இருக்க முடியாது. அவனுக்கு அது தெரிந்தது. மதியம் ஆனதும் அவள் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போகும். அவன் அந்தக் கடிகாரத்தைக் கழற்றிப் பீரோவுக்குள் வைத்தான்.

பட்டறைக்குப் பின்னால் கைவிட்ட ஒரு கல்குவாரி. அங்கே ஞாயிறு காலையில் பிள்ளைகளுக்கு மண் பைக் ஓட்டக் கற்றுக்கொடுப்பார்கள். முள்முள்ளாக டயர் வைத்த குட்டி வண்டிகள், மண் மேடுகள், பழைய டயர்களை அடுக்கிய வேலி. நடத்துகிறவர் கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். விசில்காரர் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். ஒருநாள் மகளைக் காணோமென்று தேடிப் போனவன், கம்பி வேலியில் முகத்தை அழுத்திக்கொண்டு அவள் நிற்பதைப் பார்த்தான். கன்னத்தில் கம்பி அச்சு பதிந்திருந்தது.

"அப்பா, எனக்கும் அது வேணும்."

பிரிந்த பிறகு அவள் அவனிடம் கேட்ட முதல் பொருள் அது. தண்ணீர்கூட அவளாகவே எடுத்துக் குடிப்பாள். அன்று அவன் தைத்த சீட் எல்லாம் கோணலாகப் போனது.

அதே வாரத்தில்தான் பொடிசின் அம்மா பட்டறை வாசலில் வந்து நின்றாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. கடல் தாண்டி இருக்கும் அண்ணன் அவளுக்கு ஒரு நல்ல வேலை பார்த்திருக்கிறானாம். மகளின் முழுப் பரீட்சை முடிந்ததும் இரண்டு பேரும் கிளம்புகிறார்களாம்.

"நிரந்தரமாவா?" என்றான்.

"போறது வேலைக்கு. சுத்திப்பார்க்கவா போறேன்?"

அவன் கையிலிருந்த ஊசியை ரெக்சினில் குத்தி வைத்தான்.

அவள் கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்தால் அவனுக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். "வருஷா வருஷம் பெரிய லீவுக்கு அவளை உங்ககிட்ட அனுப்புறேன்" என்றாள். "ஆனா அவளுக்கா வரணும்னு தோணணும். இங்க உட்கார்ந்து ஈ ஓட்டறதுக்கு விமானம் ஏத்தி அனுப்ப முடியாது. அப்புறம், பத்திரமா இருக்கணும். அவ்வளவுதான்."

அவன் மண் பைக் விஷயத்தைச் சொன்னான். அவள் நெற்றியைச் சுருக்கினாள். வேலியில் முகம் வைத்து நின்ற கதையை மகளும் அவளிடம் சொல்லியிருப்பாள் போல.

"சரி. ஆனா எல்லாம் சரியான அளவுல வாங்குங்க. உங்க கணக்குல வாங்காதீங்க."

"ஆமா, நீ சொல்றது சரிதான்" என்றான்.

அவள் வாசல் தாண்டியதும் அவன் கணக்கு தொடங்கிவிட்டது. வருஷா வருஷம். ஒவ்வொரு லீவுக்கும் ஒரு சாண் வளர்ந்து வருவாள். இந்த வருஷத்துக்கு அளவாக ஒரு வண்டியை வாங்கிவிட்டு, அடுத்த லீவுக்கு அவள் வந்து நிற்கும்போது முட்டி போய் ஹேண்டிலில் இடித்தால்? 'வண்டி பத்தல, இனி எதுக்கு வரணும்' என்று நினைத்துவிட்டால்? வண்டி இருக்கும்வரை பிள்ளை வருவாள் என்று அவன் முடிவு கட்டிக்கொண்டான். அப்படி யாரும் சொல்லவில்லை. அவனாகச் சொல்லிக்கொண்டதுதான்.

விசில்காரரிடம் விற்பனைக்கு இரண்டு பழைய வண்டிகள் இருந்தன. மகளை அழைத்துக்கொண்டு போனான். சின்ன வண்டியில் அவளை உட்கார வைத்தார் விசில்காரர். இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிந்தன.

"முதல் வண்டின்னா இப்படித்தான் இருக்கணும். கியர் கிடையாது, க்ளட்ச் கிடையாது. கீழ விழுந்தா அவளே தூக்கி நிறுத்திடுவா. இதோ, இந்தத் திருகை உள்ள முறுக்கிவிட்டா ஆக்ஸிலேட்டர் இவ்வளவுக்கு மேல திரும்பாது."

"அது?" என்று பக்கத்தில் நின்ற பெரிய வண்டியைக் காட்டினான் ஸ்பாஞ்சு.

"அது இன்னும் ரெண்டு வருஷம் கழிச்சு."

அந்த வார்த்தை அவன் காதில் தேனாகப் பாய்ந்தது. "அதையே எடுத்துக்கிறேன். வளர்ற பிள்ளைதானே?"

"வளர்ற பிள்ளைன்னு வண்டிக்குத் தெரியாதேப்பா!"

"சீட்டை நான் இறக்கிடறேன்."

சொன்னபடி இறக்கினான். அதைச் சொல்லாமல் விட்டால் அவனுக்குச் செய்கிற துரோகம். வண்டியின் சீட்டைக் கழற்றி, ஸ்பாஞ்சை நீளக் கத்தியால் ரொட்டித் துண்டு போடுவதுபோல மெல்லிசாக, அடுக்கடுக்காக அறுத்தான். மகளை உட்கார வைத்து, பாதத்தைப் பார்த்து, மறுபடி ஒரு அடுக்கு எடுத்தான். குதிகால் மண்ணைத் தொட்டு, பாதம் பதிந்து, முட்டி கொஞ்சம் மடங்கும்வரை விடவில்லை. மெக்கானிக்கைக் கூட்டி வந்து முன்னும் பின்னும் ஸ்பிரிங்கை இறக்கச் சொன்னான். அதிலும் இருந்த ஆக்ஸிலேட்டர் திருகை உள்ளே முறுக்கினான். ஓட்டுகிறவள் விழுந்தால் இன்ஜின் தானாக நிற்கும்படி மணிக்கட்டில் மாட்டுகிற கயிறையும் பொருத்தினான்.

அறுத்த அடுக்குகளை அவன் தூக்கிப் போடவில்லை. ஒவ்வொன்றின் ஓரத்திலும் பேனாவால் எழுதினான்: நாலாவது, அஞ்சாவது, ஆறாவது. மகள் அப்போது மூன்றாவது படித்துக்கொண்டிருந்தாள். பிறகு அவனுக்கே ஆசை அடங்காமல் புது ஸ்பாஞ்சில் ஏழாவதும் எட்டாவதும் அறுத்தான்.

"ஒவ்வொரு லீவுக்கும் நீ வருவ. வந்ததும் ஒரு அடுக்கு உள்ள வச்சுத் தைப்பேன். நீ வளர வளர சீட்டும் வளரும்."

மகள் அடுக்குகளை எண்ணிப் பார்த்தாள். "இவ்ளோ தடவை வருவேனா?" என்று கேட்டாள். மரியாதைக்கு இல்லாமல் அன்றுதான் சிரித்தாள்.

விசில்காரர் வண்டியை ஆட்டிப் பார்த்து, அவள் பாதத்தைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார். "சீட் வேலையில உன்னை அடிச்சுக்க ஆள் இல்லப்பா" என்றார். பாவி மனுஷன், வேறு எதையாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். அந்தப் பாராட்டு நேராக இவன் தலைக்கு ஏறியது.

அடுத்து பாதுகாப்புச் சாமான்கள். அந்தக் கடையில் ஒரு அம்மாள் இருந்தார். கட்டையான உருவம், கடுகடுவென்ற முகம், ஆனால் பிள்ளைகளைத் தொடுகிற கை பூ மாதிரி. பொடிசின் காலை அளந்து பூட்ஸ் எடுத்தார், விரலை அளந்து கையுறை எடுத்தார். முட்டிக்கும் முழங்கைக்கும் கவசம் மாட்டிவிட்டுக் குனிய வைத்தார், ஓட வைத்தார். ஸ்பாஞ்சு ஒவ்வொன்றுக்கும் "இதுல அடுத்த சைஸு?" என்றான். ஒவ்வொரு முறையும் "இல்லை" என்ற பதில் வந்தது. நெஞ்சுக் கவசத்துக்கு மட்டும் வாரை இழுத்துவிடலாம் என்றார். அதில் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

கடைசியில் ஹெல்மெட். அந்த அம்மாள் அதை அவள் தலையில் அழுத்தி இறக்கியதும் இரண்டு கன்னமும் பன்னு மாதிரி பிதுங்கின. வாய் குவிந்துகொண்டது.

"அப்பா, நான் மீன் மாதிரி இருக்கேனா?"

"மூச்சு முட்டப்போகுதும்மா" என்றான் கடைக்காரம்மாளிடம்.

"முட்டாது. கன்னம் பிதுங்கணும். தலையை ஆட்டினா ஹெல்மெட்டோட முகத்துத் தோலும் சேர்ந்து ஆடணும். அதான் அளவு."

"இன்னும் ஆறு மாசத்துல பத்தாம போயிடுமே. வளர்ற பிள்ளை..."

கடைக்காரம்மாள் ஹெல்மெட்டை மேசைமேல் வைத்தார். "அண்ணே, வளர்ற பிள்ளைக்கு வாங்காதீங்க. விழுற பிள்ளைக்கு வாங்குங்க."

"ஆமா, நீங்க சொல்றது சரிதான்" என்றான்.

மகள் ஆரஞ்சு நிறம்தான் வேண்டும் என்றாள். அது கிடங்கில் இருக்கிறது, நாளைக்கு வாருங்கள் என்றார் அந்த அம்மாள். அந்த ஒரு ராத்திரி போதாதா ஸ்பாஞ்சு எழும்புவதற்கு? மறுநாள் அவன் தனியாகப் போனான்.

"இந்த நிறத்துலயே ரெண்டு சைஸு பெருசா ஒண்ணு குடுங்க."

"உங்க பொண்ணு அளவு அதில்லையே?"

"இது இவளுக்கு இல்லீங்க. இவ அக்காவுக்கு."

"அக்காவா? நேத்து சொல்லவே இல்லையே. எத்தனை வயசு?"

"பன்னெண்டு. நல்லா உயரமா வருவா." நாக்கைக் கடித்துக்கொண்டான். "உயரமா இருப்பா."

"அப்ப சின்னவளுக்கு?"

"அதை அப்புறம் வந்து வாங்கிக்கிறேன்."

அந்த அம்மாள் ஒரு பார்வை பார்த்தார். கேட்டதைக் கொடுத்துவிட்டார், ஊரான் வீட்டுப் பிள்ளைகளை எண்ணிப் பார்ப்பது அவர் வேலையா? ஸ்பாஞ்சு ஹெல்மெட் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தான். சொன்னது பொய் என்று அவனுக்கு உறைக்கவே இல்லை. பன்னிரண்டு வயசுப் பெண் ஒருத்தி, நல்ல உயரம், நாலைந்து லீவுக்கு அப்பால் நின்றுகொண்டு தன் ஹெல்மெட்டுக்காகக் காத்திருக்கிறாள் என்றே தோன்றியது. வழியெல்லாம் சந்தோஷமாக இருந்தான்.

வந்து உட்கார்ந்து, இருப்பதிலேயே மிருதுவான ஸ்பாஞ்சை எடுத்தான். கன்னத்துக்கு ஒரு பட்டை, நெற்றிக்கு ஒரு பட்டை, பின்னந்தலைக்கு ஒரு பட்டை. கறுப்புத் துணி போர்த்தித் தையல் தெரியாமல் தைத்து உள்ளே ஒட்டினான். சீட்டுக்கு ஒவ்வொரு லீவும் ஒரு அடுக்கு ஏற வேண்டும், ஹெல்மெட்டுக்கு ஒவ்வொரு லீவும் ஒரு அடுக்கு இறங்க வேண்டும். என்ன அழகான கணக்கு! "ஸ்பாஞ்சு போட்டா எதுவும் சரியாயிடும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

இந்த இடத்தில் அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருக்கிறது. உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவனுக்குத் தெரியாதா? சூட்டிலும் வியர்வையிலும் ஸ்பாஞ்சு அமுங்கிப் போகிறது என்பதால்தானே ஊரே அவனிடம் சீட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறது? ஸ்பாஞ்சு அமுங்காது என்றால் அவன் அடுப்பில் உலையே ஏறாது. வயிற்றுப்பாட்டுக்குத் தெரிந்தது பாசத்துக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஹெல்மெட்டை மாட்டினாள். கன்னம் பிதுங்கியது. விசில்காரர் இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். தலையும் சேர்ந்து ஆடியது. "சரி, ஏறு" என்றார். புது ஸ்பாஞ்சு.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகள் அவன் வாழ்க்கையிலேயே நல்லவை. மகள் விடிந்ததும் வந்து நிற்பாள். வண்டியை வெளியே தள்ளுவதற்குள் முட்டிக் கவசத்தைக் காலில் மாட்டிக்கொண்டு கொக்கு மாதிரி நடப்பாள். முதல் வாரம் ஓரத்தில் நேராக ஓட்டினாள். அடுத்த வாரம் வளைத்தாள். விழுந்தாள், மெதுவாகப் போகிறபோது எல்லோரும் விழுகிறதுபோலப் பக்கவாட்டில் சரிந்து விழுந்தாள். பெரிய வண்டி என்பதால் அவளால் தூக்க முடியவில்லை. அவன்தான் ஓடிப்போய்த் தூக்குவான். தூக்கி நிறுத்த ஓடுவதுகூட அவனுக்குப் பிடித்திருந்தது. சாயங்காலம் அம்மா வந்து ஹாரன் அடித்தால், "இன்னும் ஒரு ரவுண்டு!" என்று பிள்ளை கத்தும். பீரோவுக்குள்ளிருந்த கடிகாரத்தை எடுத்து மறுபடி மாட்டினான்.

ஒருமுறை பொடிசின் அம்மா தான் வந்த வண்டியை விட்டு இறங்கி வேலியோரம் வந்து நின்றாள். மகள் கையை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனாள். "நல்லாத்தான் ஓட்டறா" என்றாள் அம்மா. அதைக் கேட்டு அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மண் தூசி என்று துடைத்துக்கொண்டான்.

ஒன்றிரண்டு தரம் ஒன்றைக் கவனித்தான். வளைவில் வரும்போது மகள் இடது கையை ஹேண்டிலிலிருந்து எடுத்து ஹெல்மெட்டை மேலே தள்ளிவிட்டுக்கொள்கிறாள். "லூசா இருக்கா, பொடிசு?" என்று கேட்டான். "இல்லப்பா, டைட்டாத்தான் இருக்கு" என்றாள். கேட்டவனுக்கும் அந்தப் பதில்தான் வேண்டியிருந்தது.

பரீட்சை முடிந்தது. கிளம்புவதற்கு முன்னால் வருகிற கடைசிக்கு முந்தின ஞாயிறு. நல்ல வெயில். காலையிலிருந்து ஓட்டிக்கொண்டிருந்தாள். கடைசி மண் மேட்டில் ஏறி இறங்கினால் ஒரு சுற்று முடியும். ஏறினாள். மேட்டின் உச்சியில் வண்டி லேசாக எம்பி இறங்கியது. எம்பி இறங்கிய அதே நொடியில் ஹெல்மெட்டும் இறங்கியது. கண்ணை மறைத்துக்கொண்டு மூக்குவரை வந்துவிட்டது. அவள் கையை எடுத்து மேலே தள்ளப் பார்த்தாள். வண்டி நேராக டயர் வேலிக்குள் போனது.

மணிக்கட்டுக் கயிறு இழுபட்டு இன்ஜின் நின்றது. அவன் பொருத்தியதில் அது ஒன்று சரியாக வேலை செய்தது. ஓடிப் போனபோது அவள் அழவில்லை. தோளைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, ஹெல்மெட்டைக் கழட்டாத, அம்மா பார்த்தா திட்டும்" என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவனுக்குப் புரியவில்லை.

கழுத்துக்கும் தோளுக்கும் நடுவிலுள்ள காறையெலும்பு முறிந்திருந்தது. புருவத்துக்கு மேலே தையல் போட்டார்கள். ஆஸ்பத்திரியில் பச்சைப் பெயின்ட் அடித்த ஒரு வராந்தா, இரும்பு நாற்காலிகள், பினாயில் வாடை. அவன் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பொடிசின் அம்மா வந்தாள். உள்ளே போய் மகளைப் பார்த்தாள், டாக்டரிடம் பேசினாள். வெளியே வந்து அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பிரிந்த பிறகு அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

கையை நீட்டினாள். அவன் ஹெல்மெட்டைக் கொடுத்தான்.

உள்ளே கட்டைவிரலை விட்டு அழுத்திப் பார்த்தாள். அளவு எடுத்தே பழகிய விரல். கன்னத்துப் பட்டை அமுங்கியது. அமுங்கிக்கொண்டே போனது. அடியில் ஓடு தட்டுப்பட்டபோது நிறுத்தினாள்.

"இது என்ன?"

"ஸ்பாஞ்சு" என்றான்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கத்தியிருந்தால் அவன் "நீ சொல்றது சரிதான்" என்று சொல்லியிருப்பான், பிறகு எப்படியாவது எழும்பியிருப்பான். அவள் கத்தவில்லை.

"லீவுக்கு அனுப்புறேன்னு சொன்னேன்ல. அதை மறந்துடுங்க."

"அடுத்த தடவை சரியான அளவு..."

"அடுத்த தடவை இல்ல."

ஹெல்மெட்டை அவன் மடியிலேயே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். அவள் சொன்னதில் ஒரு குற்றமும் இல்லை. அவளுக்குப் பதிலாக யார் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அவனே சொல்லியிருப்பான்.

கிளம்புகிற நாளன்று, விமானத்துக்குப் போகிற வழியில், மகளை ஒருமுறை பட்டறைக்கு அழைத்து வந்தாள். டாக்ஸியை நிறுத்திவிட்டு அவள் அதிலேயே உட்கார்ந்துகொண்டாள். பொடிசு மட்டும் இறங்கி வந்தாள். கழுத்திலிருந்து தூளிபோலத் துணி கட்டிக் கையைத் தொங்கவிட்டிருந்தார்கள். புருவத்தில் சின்ன பிளாஸ்திரி.

வண்டி பட்டறை நடுவில் ஸ்டாண்டு போட்டு நின்றது. வளைந்த ஹேண்டிலை அவன் நிமிர்த்தி வைத்திருந்தான். மகள் நேராக அதனிடம் போனாள்.

"ஒரே ஒரு தடவை உட்கார்ந்துக்கட்டுமா? ஓட்ட மாட்டேன்."

நல்ல கைப்பக்கமாகத் தூக்கி உட்கார வைத்தான். இரண்டு பாதமும் தரையில் பதிந்தன.

"நாலாவது வைப்பா" என்றாள்.

"என்னது?"

"நாலாவது படிக்கறப்போ எப்படி இருப்பேன்னு பார்க்கலாம்."

அடுக்குகளைக் கட்டி வைத்திருந்த மூட்டையை அவன் அவிழ்த்தான். நாலாவது என்று எழுதிய அடுக்கை எடுத்து அவளைக் கொஞ்சம் தூக்கி அடியில் சொருகினான். குதிகால் கொஞ்சம் எழும்பியது. அஞ்சாவது வைத்தான். ஆறாவது வைத்தான். விரல் நுனி மட்டும் தரையில் நின்றது. ஸ்டாண்டு தாங்காமல் வண்டி ஆடியதால் ஒரு கையால் ஹேண்டிலையும் மறு கையால் அவள் முதுகையும் பிடித்துக்கொண்டான்.

"எட்டாவது வரைக்கும் வை."

வைத்தான். அவள் கால் இரண்டும் தரையை விட்டு அந்தரத்தில் தொங்கின. அவள் முகம் குனிந்திருந்த அவன் முகத்துக்கு நேராக வந்துவிட்டது. அவள் சிரித்தாள். அந்த உயரத்தில், அந்த வெளிச்சத்தில், புருவத்துப் பிளாஸ்திரியோடு, அவன் கடைக்காரம்மாளிடம் சொன்ன அந்த அக்கா உட்கார்ந்திருந்தாள். நல்ல உயரம். அவன் சொன்னபடியேதான் இருந்தாள். அவளை அவன் பார்ப்பது அதுதான் முதலும் கடைசியும் என்று அவனுக்குத் தெரிந்தது. அந்த நினைப்பை எந்தப் பக்கம் திருப்பினாலும் குத்தியது.

"பொடிசு, ஹெல்மெட் லூசுன்னு உனக்குத் தெரியுமா?"

அவள் தொங்குகிற காலைப் பார்த்தாள். "ம்."

"ஏன்டா சொல்லல? நான் கேட்டேனே?"

"சொன்னா நீ சின்னது வாங்கிடுவ. சின்னது சீக்கிரம் பத்தாம போயிடும். அப்புறம் வர முடியாதுல்ல." குரல் இறங்கியது. "பெருசுன்னா ரொம்ப வருஷம் வரலாம்னு நினைச்சேன்."

அவனுக்கு ஆமா, நீ சொல்றது சரிதான் என்று வாயில் வந்தது. முதல்முறையாக அதைச் சொல்ல முடியவில்லை. அவனைப் போலவே அவளும் ஒரு கணக்குப் போட்டிருக்கிறாள். அவனிடமிருந்துதான் கற்றிருக்கிறாள். வேறு எதையும் அவன் அவளுக்குக் கற்றுக் கொடுத்ததில்லை.

வெளியே ஹாரன் அடித்தது. மகள் அசைந்ததில் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கின. வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது.

"அப்பா, விட்டுடாத!"

"விடலம்மா, பிடிச்சுக்கிட்டுதான் இருக்கேன்."

பிடித்துக்கொண்டுதான் இருந்தான். கால் தரைக்கு எட்டாத பிள்ளையை இறங்கு என்று எப்படிச் சொல்வது? இரண்டாவது ஹாரன் நீளமாக வந்தது. வண்டியை இடுப்பில் சாய்த்துத் தாங்கிக்கொண்டு, முறிந்த தோள் படாமல் அவளை அள்ளி எடுத்துத் தரையில் நிறுத்தினான். நிறுத்தியதும் அவள் பழையபடி அவன் இடுப்பு உயரத்துக்கு ஆகிவிட்டாள்.